ஃப்ளைவீலை வெட்டும் வீரர்களே, ஒரு நிமிஷம்!

டிஸ்கி: இது கார் பதிவு. கார் பிடிக்காதவங்களும் படிக்கலாம், கடிக்காது. நடுவுல கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க, வெறும் பெருக்கல்தான். கவிதை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும் :-)

பழைய கார் வெச்சிருக்கற நாலு பேர் ஒண்ணா கூடினா அதுல ஒருத்தர் கண்டிப்பா ஆரம்பிப்பார். "ஃப்ளைவீலைக் கழட்டி லேத்ல குடுங்க பாஸ். ரெண்டு மூணு கிலோ எடுத்துருவாங்க. ஹார்ஸ் பவர் ஏறும், வண்டி சும்மா பிச்சுக்கும்." சுத்தி நிக்கற மூணு பேரும் தலையாட்டுவாங்க. அடுத்த வாரம் அதுல ஒருத்தர் வண்டி பட்டறையில எஞ்சின் இறக்கி நிக்கும். செலவு கம்மி, கதை பெருசு. யாருக்குத்தான் ஆசை வராது?

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். எழுபது எண்பது வருஷத்துக்கு முந்தின வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை லேத்தில் போட்டு வெட்டாதீங்க. எடை குறைஞ்சே ஆகணும்னா ஸ்டீலில் புதுசா ஒண்ணு செஞ்சு மாட்டுங்க. பழசை எண்ணெய் தடவி, சாக்குல சுத்தி, பரண்ல வையுங்க. அவ்வளவுதான் பதிவு. அவசரக்காரங்க இதோட கிளம்பலாம். மத்தவங்க உக்காருங்க, ஒவ்வொரு கதையா உரிச்சுப் பார்ப்போம்.

முதல்ல, அது என்ன சாமான்?

குயவர் சக்கரம் பார்த்திருப்பீங்க. குச்சியை விட்டு நாலு சுத்து சுத்தி விட்டா, கையை எடுத்த பிறகும் அது பாட்டுக்கு சுத்திட்டே இருக்கும். அதோட கனம்தான் காரணம். தக்கை மாதிரி சக்கரமா இருந்தா களிமண்ணுல கை வெச்ச உடனே நின்னுடும். ஃப்ளைவீலும் அதே ஜாதிதான். கிராங்க் ஷாஃப்டோட பின்பக்கம் மாட்டியிருக்கற கனமான வட்டம். கிளட்ச் இதோட முதுகுலதான் உக்காந்திருக்கும்.

நாலு சிலிண்டர் எஞ்சின்ல ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவைதான் வெடி விழும். நிமிஷத்துக்கு 600 சுற்றுல சும்மா நின்னு ஓடற எஞ்சின்ல ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவுல நொடியில இருபதுல ஒரு பங்கு இடைவெளி. அந்த நேரத்துல எஞ்சினைத் தள்ளிட்டுப் போறது ஃப்ளைவீல்ல சேர்ந்திருக்கற ஓட்டம்தான். அதுவே 6000 சுற்றுன்னா இடைவெளி நொடியில இருநூறுல ஒரு பங்கு. அப்போ ஃப்ளைவீலுக்குப் பெரிய வேலை இல்லை. அதனாலதான் பந்தயக்காரனுக்கு லேசான ஃப்ளைவீல் போதும். கடைவீதியில ஊர்ந்து போறவனுக்குப் பத்தாது.

கதை ஒண்ணு: "ஹார்ஸ் பவர் ஏறும்"

ஏறாது சாமி. ஒரு அரைக் குதிரை கூட ஏறாது. ஃப்ளைவீல் சக்தியை உண்டு பண்றதும் இல்லை, தின்னுறதும் இல்லை. அது ஒரு உண்டியல். வேகம் ஏறும்போது போடுறீங்க, வேகம் இறங்கும்போது எடுக்கறீங்க. உண்டியலைச் சின்னதாக்கினா சம்பளம் கூடிடுமா?

வேகம் மாறாம ஓடும்போது ஃப்ளைவீல் அஞ்சு கிலோவா அம்பது கிலோவான்னு எஞ்சினுக்குத் தெரியவே தெரியாது. ஏத்தத்துல ஒரே வேகத்துல ஏறும்போதும் அப்படித்தான். வண்டியோட உச்சவேகமும் மாறாது. வேகம் மாறும்போது மட்டும்தான் வித்தியாசம். அது எவ்வளவுன்னு ஒரு கணக்குப் போட்டுருவோம்.

ஒரு சின்னப் பழைய வண்டின்னு வெச்சுக்குங்க. ஆளோட சேர்த்து 600 கிலோ. சக்கரத்தோட ஆரம் 33 செ.மீ. முதல் கியர்ல சக்கரம் ஒரு சுற்று சுத்த எஞ்சின் 16 சுற்று சுத்தணும், டாப் கியர்ல 5 சுற்று. ஃப்ளைவீலோட விளிம்புல, மையத்துலருந்து 13 செ.மீ. தூரத்துல, 2 கிலோ வெட்டி எடுக்கறோம்.

விடை: முதல் கியர்ல வண்டியிலருந்து சுமார் 80 கிலோவை இறக்கி விட்ட மாதிரி. ஒரு முழு ஆள்! டாப் கியர்லயோ சுமார் 8 கிலோ. ஒரு அரிசிப் பை. ஏன் இந்த வித்தியாசம்னா, கியர் விகிதம் வர்க்கத்துல பெருகுது. 16-ஐ 16-ஆல பெருக்கறதும் 5-ஐ 5-ஆல பெருக்கறதும் ஒண்ணா?

ஆக, முதல் கியர்ல மிதிச்ச உடனே "ஆஹா, பறக்குதே!"ன்னு தோணுறது நிஜம். நான் மறுக்கலை. ஆனா நீங்க முதல் கியர்ல எவ்வளவு நேரம் இருப்பீங்க? டாப் கியர்ல போகும்போது பின்சீட்டு அரிசிப் பையை இறக்கி வெச்சிருந்தா அதே பலன், பைசா செலவில்லாம.

"டைனோவுல போட்டுக் காட்டினாங்களே, பவர் ஏறிச்சே"ம்பாங்க. சர்ருனு வேகத்தை ஏத்திக்கிட்டே போய் அளக்கற முறையில லேசான ஃப்ளைவீல் அதிகமா காட்டத்தான் செய்யும். ஏத்தறதுக்குச் செலவாகற பங்கு குறையுதே! வேகத்தை ஒரே இடத்துல நிறுத்தி அளக்கச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா நிக்கும்.

கதை ரெண்டு: "எங்க வெட்டினா என்ன, எடை எடைதானே"

இங்கதான் எனக்குக் கோவமே வருது. அதே 2 கிலோவை 13 செ.மீ. தூரத்துக்குப் பதிலா 6.5 செ.மீ. தூரத்துல வெட்டினா? பலன் பாதி ஆகாது, கால்வாசி ஆயிடும். முதல் கியர்ல 20 கிலோ, டாப்ல 2 கிலோ. ஏன்னா தூரமும் வர்க்கத்துலதான் வேலை செய்யுது.

ஆனா பட்டறையில எங்க வெட்டறாங்க? விளிம்புல ஸ்டார்ட்டருக்கான பல்சக்கரம் உக்காந்திருக்கு. அதைச் சூடேத்திக் கழட்டி, திரும்பச் சூடேத்தி ஏத்தணும். யாரு அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கறது? அதனால முதுகுப் பக்கம், நடுப்பகுதியில, போல்ட் ஓட்டைகளுக்குக் கிட்ட, கைக்கு வசதியா இருக்கற இடத்துல வழிச்சு எடுத்துடறாங்க. பலன் மிகக் குறைவா இருக்கற இடமும் அதுதான், சக்கரத்தோட மொத்த பலமும் இருக்கற இடமும் அதுதான். தராசுல வெச்சு "பாருங்க, ரெண்டே கால் கிலோ போச்சு"ன்னு காட்டுவாங்க. கஸ்டமரும் சந்தோஷமா காசைக் குடுத்துட்டு வருவார்.

இன்னொரு கூட்டம் வட்டமா ஓட்டை போடும். பாக்க அழகா இருக்கும், முறுக்கு அச்சு மாதிரி. இழுவிசையில இருக்கற ஒரு தகட்டுல ஓட்டை போட்டா, ஓட்டையோட ஓரத்துல விசை ரெண்டு மூணு மடங்கு குவியும். இது எஞ்சினியரிங் காலேஜ்ல சொல்லித் தர்ற பாடம். விரிசல் எங்கருந்து கிளம்பும்னு ஜோசியம் பாக்க வேண்டியதே இல்லை.

கதை மூணு: "வெள்ளைக்காரனே செஞ்சிருக்கான்"

செஞ்சிருக்கான். மறுக்கவே இல்லை. அதுக்கு நல்ல உதாரணமும் நானே தர்றேன்: ஆஸ்டின் செவன். 1922-ல அறிமுகமாகி 1939 வரைக்கும் இங்கிலாந்துல ஏறக்குறைய 2,90,000 வண்டி வந்துச்சு. 747 சிசி, பக்கவாட்டு வால்வு, ஆரம்பத்துல பத்து குதிரைசக்தி கிட்டத்தான். ஜெர்மனியில பி.எம்.டபிள்யூ. கம்பெனி கார் பக்கம் வந்ததே இதோட லைசென்ஸ் வண்டியை வெச்சுத்தான். காலின் சாப்மன் 1948-ல முதல் லோட்டஸ் காரை ஒரு பழைய ஆஸ்டின் செவனை வெச்சுத்தான் கட்டினார். நியூசிலாந்துல புரூஸ் மெக்லாரன் பந்தயம் பழகினதும் ஒரு ஆஸ்டின் செவன்லதான். விலை மலிவு, எங்க பார்த்தாலும் கிடைக்கும். ஏழைப் பையன்களோட பந்தயக் குதிரை. அதோட ஃப்ளைவீலை வெட்டாத ஸ்பெஷல்காரங்க குறைவு.

ஆனா மூணு விஷயத்தை மறக்கறோம். ஒண்ணு, அது பந்தயம். முழுக்க முழுக்க வேகம் ஏத்தறதும் இறக்கறதும்தான். சிக்னல்ல நின்னு உறுமற வேலை இல்லை. ரெண்டு, அன்னிக்கு அந்த இரும்புக்கு வயசு இருபது இருபத்தஞ்சுதான். இன்னிக்கு தொண்ணூறு, நூறு. எத்தனை பேர் கிளட்ச்சைச் சூடாக்கினாங்களோ, எத்தனை தடவை அந்த முகத்தைச் சுரண்டினாங்களோ, யாருக்குத் தெரியும்? மூணு, அன்னிக்கு வண்டி கிலோ கணக்குல கிடைச்சுது. உடைஞ்சா அடுத்ததை எடு. இன்னிக்கு உங்க கையில இருக்கறது மிச்சம் மீதி.

அதோட, 1936 வரைக்கும் அந்த எஞ்சினோட கிராங்க்குக்கு ரெண்டே ரெண்டு மெயின் பேரிங். வேகமா சுத்தினா கிராங்க் வில்லு மாதிரி வளையும். லேசான ஃப்ளைவீல் போட்டா எஞ்சின் சட்டுனு மேல போகும். சட்டுனு மேல போற எஞ்சினைப் பார்த்தா கால் சும்மா இருக்குமா? முன்னாடி 3500-ல கியர் மாத்தினவர் இப்போ 5000 வரைக்கும் இழுப்பார். ஃப்ளைவீலை வெட்டினதோட நிஜ விலை அங்கதான் இருக்கு.

இன்னிக்கு அங்க ஒழுங்கா பந்தய எஞ்சின் கட்டறவங்க ஸ்டீல்ல புதுசா கடைஞ்சு போடறாங்க. நாம மட்டும் தாத்தா காலத்து வித்தையைப் பிடிச்சுத் தொங்கறோம்.

காலுக்குப் பக்கத்துல ஒரு சக்கரம்

இப்போ சிரிப்பை ஓரமா வெச்சுட்டுப் படிங்க.

28 செ.மீ. விட்டமுள்ள ஃப்ளைவீல் நிமிஷத்துக்கு 5000 சுற்று சுத்தினா, அதோட விளிம்பு நொடிக்கு 73 மீட்டர் வேகத்துல போகுது. மணிக்கு 264 கிலோமீட்டர். நீங்க நாப்பதுல போயிட்டிருந்தாலும் உங்க காலுக்கு ஒரு முழம் முன்னாடி அது 264-ல போயிட்டிருக்கும்.

நீராவி எஞ்சின் காலத்து ஆலைகள்ல வார்ப்பிரும்புச் சக்கரத்துக்கு ஒரு நாட்டு விதி இருந்துச்சு: விளிம்பு வேகம் நிமிஷத்துக்கு ஒரு மைலைத் தாண்டக் கூடாது. அதாவது நொடிக்கு சுமார் 27 மீட்டர். பல துண்டா சேர்த்துக் கட்டின ராட்சசச் சக்கரங்களுக்கான விதி அது. கார்ல இருக்கற சின்ன ஒற்றை வார்ப்பு அதை விட ரொம்பவே தாங்கும். தாங்கறதுக்குக் காரணம், அதை வரைஞ்சவர் எங்க தடிமன், எங்க வளைவுன்னு யோசிச்சு வெச்சிருக்கார். விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 27-லருந்து 73-க்குப் போனா ஏழு மடங்குக்கு மேல. அந்தத் தடிமனையும் வளைவையும்தான் நம்ம டர்னர் அரைமணி நேரத்துல வழிச்சு எறியறார், வெட்டின இடத்துல கூரான மூலையையும் விட்டுட்டு.

வார்ப்பிரும்புக்கு அழுத்தினா தாங்கற குணம் உண்டு, இழுத்தா தாங்கறது ரொம்பக் கம்மி. சுத்தற சக்கரத்துல வர்றது அத்தனையும் இழுவிசை. ஸ்டீல் மாதிரி வளைஞ்சு எச்சரிக்கை குடுக்கற பழக்கமும் அதுக்குக் கிடையாது. ஒரே அடியில துண்டுதான்.

அரைக் கிலோ துண்டு ஒண்ணு அந்த வேகத்துல கிளம்புதுன்னு வைங்க. 2003 உலகக் கோப்பையில ஷோயப் அக்தர் போட்ட 161.3 கிலோமீட்டர் பந்து ஞாபகம் இருக்கா? அந்தப் பந்துல இருந்த சக்தியைப் போல எட்டு மடங்கு. அதுக்கும் உங்க பாதத்துக்கும் நடுவுல இருக்கறது மெல்லிசான ஒரு பெல் ஹவுசிங், பல பழைய வண்டிகள்ல அதுக்கு மேல ஒரு மரப்பலகைத் தரை. பேட் இல்லை, பேடும் இல்லை. அமெரிக்க டிராக் பந்தயத்துல கிளட்ச்சைச் சுத்தி இரும்புக் கவசம் போட வெச்சது சும்மா அழகுக்கா?

"இதுவரை யாருக்கும் ஆகலையே"ன்னு கேக்கறவங்களுக்கு: நிறைய பேர் ஹெல்மெட் போடாமலும் உயிரோடதான் இருக்காங்க.

கிளட்ச்சை யாரும் பேசறதே இல்லை

கிராங்க்கோட சேர்ந்து சுத்தறது ஃப்ளைவீல் மட்டும் இல்லை. அதுல போல்ட் போட்டிருக்கற கிளட்ச் கவர், பிரஷர் பிளேட் எல்லாமே கணக்குல சேரும். பழைய சுருள்வில் கவர் நல்ல கனம். லேசான கவர் ஒண்ணு கிடைச்சா, வார்ப்புல கத்தி வைக்காமலே கொஞ்சம் எடை போயிடும். வேணாம்னா பழையதைத் திரும்ப மாட்டிக்கலாம். இதை ஏன் யாரும் முதல்ல சொல்றதில்லை? லேத்துக்கு வேலை இல்லாமப் போயிடுமே, அதனாலயா?

கிளட்ச் பிளேட் தனிக் கதை. கிளட்ச்சை மிதிச்ச பிறகு அது கியர் பாக்ஸோட சேர்ந்து சுத்தும். சின்க்ரோமெஷ் இல்லாத பழைய பாக்ஸ்ல, பிளேட் கனமா இருந்தா வேகம் இறங்க நேரமாகும், பல்லு 'கர்ர்ர்'னு கத்தும். அந்தக் காலத்துல சில வண்டிகள்ல இதுக்குன்னே கிளட்ச் ஸ்டாப்னு ஒரு குட்டி பிரேக் வெச்சிருந்தாங்க. அங்க நூறு கிராம் குறைச்சாலும் இடது கைக்குத் தெரியும்.

அப்புறம் சூடு. கிளட்ச் வழுக்கும்போது வர்ற சூட்டை வாங்கி வெச்சுக்கறதும் ஃப்ளைவீல்தான். மெலிஞ்ச முகம் சீக்கிரம் சூடாகும், நெளியும், மயிர்க்கோடு மாதிரி விரிசல் விடும்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட மோரிஸ் மைனர் இப்படித்தான் ஆச்சு. பட்டறைப் பேர் வேண்டாம், அவங்களும் பிழைக்கணும். வெட்டி மாட்டினதும் 600 சுற்றுல நின்னு ஓடின எஞ்சின் ஆயிரத்துக்குக் கீழ வந்தாலே நடுங்குது. மேம்பால ஏத்தத்துல நிறுத்தி எடுக்கணும்னா ஆக்சிலேட்டரை முறுக்கி, கிளட்ச்சை வழுக்க விட்டு எடுக்கறார். ஒரு மழைக்காலம் தாண்டறதுக்குள்ள கிளட்ச் பிளேட் காலி. கழட்டிப் பார்த்தா ஃப்ளைவீல் முகம் நீலம் பாய்ஞ்சு கிடக்கு. பழைய எடை திரும்பி வருமா? வெட்டின இரும்பு ஒட்டாதுங்க.

"சரிய்யா, தொடவே கூடாதுங்கறியா?"

இல்லை. கம்பெனி போட்ட ஆணியைக் கூட மாத்தக் கூடாதுன்னு சொல்ற பூஜை கோஷ்டியிலயும் நான் இல்லை. சின்க்ரோமெஷ் இல்லாத வண்டியில டபுள் டிகிளட்ச் போட்டு மேல் கியர் மாத்தும்போது, எஞ்சின் வேகம் இறங்கறதுக்காக நியூட்ரல்ல காத்திருக்கணும். கனமான ஃப்ளைவீல்னா அந்தக் காத்திருப்பு ஒரு யுகம், ஏத்தத்துல வண்டியே நின்னுடும். அங்க லேசான ஃப்ளைவீல் உண்மையிலயே வரம். அந்த நியாயமான ஆசைக்கு நான் வழியை அடைக்கலை. வெட்டற இரும்பு எதுங்கறதுதான் கேள்வி.

புது ஸ்டீல் சக்கரத்துக்குச் செலவு பல மடங்கு ஆகும். ஆகட்டுமே. முடியலைன்னா வேண்டாம், வண்டி ஓடாமலா போயிடும்? நம்ம ஊர் கணக்கு இன்னொண்ணும் இருக்கு. 2021 ஜூலையில மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டி, அசல் வடிவத்திலேயே பராமரிக்கற வண்டிக்குத்தான் 'விண்டேஜ்' பதிவும் 'வி.ஏ.' எழுத்து நம்பரும். பரண்ல அசல் பத்திரமா இருந்தா திரும்ப மாட்டலாம். லேத் அடியில சுருள் சுருளா கிடக்கறதைக் காட்டி எந்த அதிகாரிகிட்ட பேசுவீங்க?

இவ்வளவுக்குப் பிறகும் ஃப்ளைவீலைத் தூக்கிட்டுப் பட்டறைக்குப் போறவங்க, குடுக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி மட்டும் கேளுங்க.

1. விளிம்புல வெட்டுவீங்களா, நடுவுலயா? "எங்க வேணா வெட்டலாம்"னு பதில் வந்தா திரும்பி நடங்க.

2. வெட்டறதுக்கு முன்னாடி விரிசல் பரிசோதனை உண்டா? தட்டிப் பார்த்து 'டிங்'னு கேட்டா போதும்னு சொன்னா, அது தேங்காய்க் கடை.

3. கிளட்ச் கவரையும் சேர்த்து மாட்டி பேலன்ஸ் பண்ணித் தருவீங்களா? விளிம்புல வெறும் 10 கிராம் வித்தியாசம், 5000 சுற்றுல சுமார் 36 கிலோ விசையா கிராங்க்கை உதைக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும்.

4. கிளட்ச் உரசற முகத்துக்கும் கவர் உக்கார்ற முகத்துக்கும் இருக்கற உயர வித்தியாசத்தையும், விளிம்புல குத்தியிருக்கற டைமிங் குறியையும் காப்பாத்துவீங்களா? பல பழைய இங்கிலாந்து வண்டிகள்ல இக்னிஷன் டைமிங் வைக்கற குறி ஃப்ளைவீல்லதான் இருக்கு. அதையும் சேர்த்துக் கடைஞ்சுட்டு வந்து "டைமிங் எப்படி வைக்கறது?"ன்னு முழிக்காதீங்க.

நாலுக்கும் ஒழுங்கா பதில் சொல்ற டர்னர் கிடைச்சா, அவரே அஞ்சாவதா ஒண்ணு சொல்வார்: "ஏன் சார் இந்தப் பழசை வெட்டறீங்க, ஸ்டீல் கட்டை வாங்கிட்டு வாங்க, புதுசா கடைஞ்சு தர்றேன்." அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு, அவர் சொன்னபடி செய்யுங்க.

மாற்றுக் கருத்து இருக்கறவங்க வந்து கும்மலாம். ஆனா "எங்க மாமா பண்ணினார், சூப்பரா ஓடுது"ன்னு மட்டும் எழுதாதீங்க. எத்தனை கிலோ, எந்த இடத்துல, எந்த கியர்ல, எத்தனை சுற்றுலன்னு எழுதுங்க. மாமா கால் பத்திரமா இருக்கான்னும் ஒரு வரி சேர்த்துக்குங்க.